பள்ளத்தில் நட்ட கன்றுகள்

வைகாசித் திங்களின் கடைசிக் காலையிலே, மொன்றியலை அடுத்த இல்-பிசார் தீவைச் சூழ்ந்த ஆறு, உறைபனி உடைந்தோடிய களைப்புத் தீர்ந்து, உழவு முடிந்த எருதுபோலத் தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது. கரையோர மரங்கள் தளிர்த்திருந்தன; அகன்ற முற்றங்களையுடைய வீடுகள் இன்னும் கண்விழிக்கவில்லை; மேற்கே ஏரியைத் தடவிவந்த காற்று மட்டும், கூலிக்கு வந்தவன்போல, விடியுமுன்னரே தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அவ்வேலை யாதெனில், கற்றறிந்தீர், மணலைக் கிளப்பி இளங்கன்றுகளின் தண்டை அறுப்பதே.

அதை மரியதாசனைவிட நன்கறிந்தவர் அத்தீவில் இலர். மட்டக்களப்பிலே வெள்ளத்தோடு மல்லுக்கட்டி வளர்ந்து, மொன்றியலிலே இறைச்சி வெட்டும் ஆலையில் பதினெட்டாண்டு நின்று முழங்கால் தேய்ந்த அவன், அரை ஏக்கர் மணல்நிலத்தை மூன்றாண்டுத் தவணைக்கு எடுத்திருந்தான். வெள்ளத்துக்கு அஞ்சிய பழக்கம் கையை விட்டகலாமையால், முதல் இரண்டாண்டும் மண்ணை மேடாக அணைத்து, மேட்டின் உச்சியிலே மிளகாயும் கத்தரியும் நட்டான். வெள்ளம் வரவில்லை; காற்று வந்தது. மேடுகள் உலர்ந்து பொரிந்தன. கன்றுகள் ஒடிந்து சாய்ந்தன. இம்முறையும் விளையாவிடின் நிலத்தைப் புல் வளர்ப்போருக்குக் கொடுப்பதாக உடைமைக்காரி சொல்லிவிட்டாள். ஆலைக்குத் திரும்பவோ முழங்கால் இடந்தராது.

அவன் மனைவி றோசலின், நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு நூலகத்தைத் துப்புரவாக்குபவள். துடைக்கும் நூல்களைத் திறந்தும் பார்ப்பவள். அவற்றுள் ஒன்று சீனத்து வேளாண்மையைப் பற்றியது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹான் பேரரசின் அதிகாரி சாவ் குவோ என்பான், காய்ந்து காற்றடிக்கும் வடபுலத்து உழவர்க்கு ஒரு முறையைக் கற்பித்தான்: ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் கீறி, விதையை மேட்டில் இடாது பள்ளத்தின் அடியில் இடுதல், பயிர் வளர வளர மேட்டு மண்ணைச் சரித்து வேரை அணைத்தல், மறுவாண்டு மேட்டையும் பள்ளத்தையும் இடம் மாற்றுதல்.

“என்னகா, பள்ளத்துக்குள்ள நடுறதா? மட்டக்களப்பில கேட்டா வாயால மட்டும் சிரிக்கமாட்டானுகள்,” என்றான் அதைக் கேட்ட மரியதாசன்.

“அங்க வெள்ளம். இஞ்ச ரெண்டு வருசமும் காத்துத்தானே திண்டது? நீங்க வராத வெள்ளத்துக்கு அணை கட்டிக்கிட்டு நிக்கிறீங்க.”

“அரசன்ட அதிகாரி வயலுக்க இறங்கினவனா?”

“அது தெரியா. ஆனா மாடில்லாத சனம் தாங்களே கலப்பை இழுத்ததெண்டு எழுதிக் கிடக்கு.”

“பாதி உன்ட வழி, பாதி என்ட வழி,” என்றான் மரியதாசன்.

இரவல் வாங்கிய உழுபொறி நான்கு விரற்கடைக்குமேல் இறங்க மறுத்தது. கொட்டிலில் கிடந்த பழைய குதிரைக் கலப்பையை எடுத்துக் கயிறு பூட்டி, கணவனும் மனைவியும் தோள்கொடுத்தனர். அடுத்த ஊரான லவாலிலிருந்து உதவிக்கு வந்த யாழ்ப்பாணத்து நண்பன் மகேந்திரராசா மேழி பிடித்தான்.

“மரியதாசு, ரெண்டு மாடும் ஒண்டையொண்டு முறைச்சுக்கொண்டு நிண்டா உழவு எப்பிடியடா ஓடும்?” என்று அவன் கேட்க, றோசலின் மூச்சிரைப்பிடையே சிரித்தாள். மாலையில் அவள் வலத்தோள் தோலுரிந்து கன்றியிருந்தது. மறுநாள் ஒரு பாதியில் பள்ளத்தின் அடியிலும், மறுபாதியில் மேட்டின் உச்சியிலும் கன்றுகளை நட்டனர்.

ஆனியில் மூன்று நாள் ஓயாது காற்றடித்தது. நான்காம் நாள் காலை, மேட்டுப்பாதியில் நிமிர்ந்து நின்ற கன்று ஒன்றுமில்லை. பள்ளத்துப்பாதியிலோ, இலைக்கணுக்களில் மணல் ஒட்டியிருக்க, கன்றுகள் வரிசை கலையாது நின்றன. மரியதாசன் மண்வெட்டியை எடுத்து, மேட்டு மண்ணைச் சரித்து, ஒவ்வொரு வேராக அணைக்கத் தொடங்கினான்.

ஆவணியில் உடைமைக்காரி வந்து காய்த்த பாதியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மிளகாயைக் கடித்து, கண்கலங்கி, அடுத்த ஆண்டுக்கும் நிலத்தைத் தந்தாள்.

அவள் போனபின் மரியதாசன் கேட்டான்: “றோசலின், கலப்பை இழுத்தவன்ட பேர் அந்தப் புத்தகத்தில கிடக்கா?”

“இல்ல. அதிகாரிட பேர்தான்.”

அவன் அவள் தோளின் கயிற்றுத் தழும்பைப் பார்த்தான். “அடுத்த வருசம் நீ மேழியப் பிடி. நான் இழுக்கிறன்.”

முறை சொன்னவன் பெயரைப் பேரரசு ஏட்டில் பொறித்தது. இழுத்த தோள்களின் பெயரை எவரும் பொறித்திலர். மறுவாண்டு மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அதற்கும் ஒரு தோள் தேயும். அறிவு எத்துணைப் பெரிதாயினும், தானாக மண்ணில் ஓரடி இறங்கியதில்லை.