மதம் என்ற கட்டத்தில் கமலம் சொன்னது

1

1991 பிப்ரவரியில், விருத்தாசலத்தில், ஒரு பால்பாயிண்ட் பேனாவை வைத்துக்கொண்டு நான் ஒரு மதத்தைத் தொடங்கி வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது.

நம்ப வேண்டாம். பூபாலனும் நம்பவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கிய வாத்தியார் நான்; என் தாள்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர் அவர். இரண்டு பேரும் ரிட்டயர் ஆகி, இந்த 1998-ல் ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் ஒரே பெஞ்சைத் தேய்க்கிறோம். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே, "ஆரம்பிச்சிட்டான்யா" என்பார். அவர் வாயை அடைக்கத்தான் இதை எழுதுகிறேன். வேறு உன்னதமான காரணம் எதுவும் கிடையாது.

2

கதைக்கு முதல் தொடக்கம்: "வெண்களிமண் துயிலும் அந்நகரின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை" – வேண்டாம். கதிரவன் தன் வேலையைப் பார்க்கட்டும்.

இரண்டாவது: "கமலம் மூன்று நாளாகப் பட்டினி." பொய். ஒரு நாள்தான். [ஆனால் மூன்று என்று எழுதும்போது கை எவ்வளவு சுகமாக ஓடுகிறது!]

மூன்றாவது, வேறு வழியில்லாமல் உண்மை. தங்கராசு முதலாளியின் பீங்கான் கம்பெனியில் சூளைவாய் அடைக்கிறவள் கமலம். ஊறுகாய் ஜாடி, ப்யூஸ் கட்டை, பொம்மை எல்லாவற்றையும் உள்ளே அடுக்கியபின் வாசலில் செங்கல் வைத்துச் சேறு பூசி மூட வேண்டும். கடைசிக் கல்லைத் தொடுகிறவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கல்லை வைத்து, ஈரச்சேற்றில் ஐந்து விரலையும் பதித்து, சூடம் காட்டினால்தான் தீ மூட்டுவார்கள். பானை வனைகிற குடும்பத்தில் பிறந்த அவள் அப்பா செய்துவந்தது. அவருக்குப் பிறகு அவள்.

பெயிண்ட் அடிக்கிற ஜெயராஜைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். ஆடியில் கூழ் ஊற்றுவாள். பன்னிரண்டு வருஷமாக யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவளைத் தெரியும், அதனால் கேட்க என்ன இருக்கிறது?

3

கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். கேட்கவும் இல்லை, சொன்னார்கள். முதலில் ஜீப்பில் நாலு பேர் வந்து, "மதம் மாறின பொம்பள சூடம் காட்டறதா? இவ நம்ம ஆளு இல்ல" என்றார்கள். மறுவாரம் ஸ்கூட்டரில் ஒரு பிரசங்கியார் வந்து, "சூளையக் கும்பிடறவ நம்ம ஆளு இல்ல" என்றார். உலகத்தில் அந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

தங்கராசு பயந்துபோனார். [அவரை வில்லனாக்கப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்துவிட்டேன். ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன்.]

"கமலம், கணக்கெடுக்க வாத்தியார் வராராம். கவர்மெண்டு உன்ன என்னான்னு எழுதுதோ அதான் முடிவு. இந்துன்னா நீ வாயடை. இல்லன்னா மண்ணு மிதிக்கிற வேலைக்குப் போயிடு."

உள்ளே சாமான் அடுக்கி இரண்டு நாள் ஆகியும் சூளை வாயைத் திறந்தபடி கிடந்தது. அப்பாவின் கைரேகை எத்தனையோ முறை வெந்த அந்த வாசலைக் கமலம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண் மிதிப்பது அவளுக்குக் கேவலம் இல்லை. ஆனால் அந்தக் கல்லை இன்னொருத்தர் வைப்பதை எப்படிப் பார்ப்பது?

4

இந்த இடத்தில் வாத்தியார் வருகிறார். நான்தான். கதைக்குள் எனக்குத் தலைமுடி உண்டு. சைக்கிள் கேரியரில் கணக்கெடுப்புப் பை, காலரில் வெள்ளை மண்தூசி, வயிற்றில் நாலு வீட்டு மோர். அந்த மாதிரி ஒரு பிப்ரவரி இனி எனக்கு வரப்போவதில்லை.

சூளையைச் சுற்றி ஆயிரம் பேர்.*

(* பதினோரு பேர். ஒரு ஆடு.)

"மதம்?" என்றார் வாத்தியார்.

"நீங்களே பாத்து ஒண்ணு எழுதிக்கலாமே சார்" என்றார் தங்கராசு.

"முடியாது. அவங்க வாயால என்ன சொல்றாங்களோ அதத்தான் எழுதணும். மாத்தவோ வாதாடவோ எனக்கு அதிகாரம் இல்ல."

கமலம் நிமிர்ந்தாள். "இத மொதல்லயே யாரும் சொல்லலயே."

"சொல்லும்மா. இன்னும் நாப்பது வூடு கெடக்குது."

"வந்தவங்க எல்லாம் நான் யாரு இல்லன்னுதான் சொன்னாங்க. யாருன்னு நீங்கதான் சார் கேட்டீங்க." அவள் சூளைப் பக்கம் கையை நீட்டினாள். "வருசத்துல இருவது நாளு இதுக்கு முன்னாடிதான் பட்டினி கெடக்கறேன். சூளைன்னு எழுதிக்கங்க."

"ஏய், வெளாடாத" என்றான் ஜெயராஜ்.

"பட்டினி கெடந்துகிட்டு யாராவது வெளாடுவாங்களா?"

வாத்தியார் எழுதினார். சூளை.

தங்கராசு எட்டிப் பார்த்தார். "அது மதமா சார்?"

"எனக்குத் தெரியாது. கட்டத்துல இருக்குது."

"ஜீப்புக்காரங்க வந்தா?"

"கவர்மெண்டு எழுதிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லுங்க."

தங்கராசு சூளை வாசலை விட்டு ஒதுங்கி வழி விட்டார். கமலம் கல்லை எடுத்தாள்.

5

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ) அன்றைய புகை ஐந்து கோபுரம் உயரத்துக்கு எழும்பி, கோயிலுக்குள்ளிருந்து பழமலைநாதரே எட்டிப் பார்த்தார். ஒரு ஜாடிகூட விரிசல் விடவில்லை. [எனக்குப் பிடித்த முடிவு. எனக்கு மட்டும்.]

ஆ) மறுபடி ஜீப் வந்தது. அடுத்த சூளைக்குக் கமலம் மண் மிதித்துக்கொண்டு

இ)

உண்மையில் எனக்குத் தெரியாது. ஜூனில், ஜில்லாவுக்குள்ளேயே இன்னொரு மூலையில் இருக்கிற மங்களூர் ஸ்கூலுக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அடுத்த சூளையை யார் அடைத்தார்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆ-வாக இருந்துவிடுமோ என்ற பயம்.

6

இதுவரை எழுதியதை டீக்கடையில் பூபாலனுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் முறையாக, "ஆரம்பிச்சிட்டான்யா" வரவில்லை.

"ரெண்டாவது முடிவ அடிச்சிடு ரத்தினவேலு."

"ஏன்?"

"அந்த வருசம் மார்ச்சுல நான் அங்க போனேன். அந்தக் கட்டத்தத் திருத்தத்தான். அந்தம்மா வாயடைச்சிக்கிட்டு இருந்துச்சு. கையெல்லாம் சேறு. 'சார், அந்தக் கடைசிக் கல்ல எடுங்க'ன்னுச்சு. எடுக்கப் போனேன். 'சாப்ட்டீங்களா'ன்னுச்சு. இல்லன்னு சொல்லி எடுத்துக் குடுத்தேன்."

"சாப்ட்டிருந்தீங்களா?"

"நாலு இட்லி."

"ஏழு வருஷமா என்னைப் பொய்யன்னீங்களே!"

"அந்தத் தாள்ல நான் என்ன செஞ்சேன்னு யாராவது கெளறினா என் பென்ஷன் என்னாவறது? ஆர்டர் போன மாசந்தான் கைக்கு வந்துச்சு."

"அப்போ திருத்தலையா?"

பூபாலன் டம்ளரை மெதுவாகக் காலி செய்தார். இன்னொரு டீ சொன்னார். அதையும் குடித்தார். அந்தத் தாள் என்ன எழுத்தோடு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், என்னால் ஆகவில்லை.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"சூளைன்னுதான்யா எழுதியிருந்த. நான் பாத்தேன்."