தட்டு வைக்காத அழைப்பு

காளவாசலில் பேக்கரி மாடியில் நடக்கும் தமிழ்ச்செல்வியின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஏரியாவில் ஒரு பேர் உண்டு. அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை அவள் முன்னால் வைத்தால், இவன் வேறு அவன் வேறு என்று பிரித்துக் காட்டிவிடுவாள். ‘ஹியர்’ என்றால் காதில் விழுவது, ‘லிசன்’ என்றால் காது கொடுப்பது. கீழே பஸ் அலறினாலும் அவள் குரல் அதற்கு மேலே ஏறும்.

அன்றைக்கு மட்டும் மனசு செல்போனிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் தமிழ்வாணிக்குக் காதுகுத்து. மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று. விளாங்குடியில் இருக்கும் அண்ணன் பேச்சிமுத்துவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பி, நீல டிக்கும் விழுந்து ஒரு வாரமாகிறது. போன் போட்டால் எடுக்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவது?

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அல் அமீன் கையைத் தூக்கினார்.

“மேடம், இன்ஃபார்ம், இன்வைட். ரெண்டும் தகவல் சொல்றதுதானே?”

“அதெப்படிண்ணே ஒண்ணாகும்?” உடனே சூடுபிடித்தாள் தமிழ்ச்செல்வி. “இன்ஃபார்ம்னா சேதியச் சேத்துட்டா நம்ம வேலை முடிஞ்சது, எழவு சொல்லிவிடுற மாதிரி. வாரவுக வரட்டும். இன்வைட்னா, நீங்க வந்தாத்தான் ஆச்சுன்னு அவுக வாசல்ல போய் நிக்கிறது. நம்ம ஊர்ல எப்படி அழைப்போம்? தட்டுல வெத்தல பாக்கு வச்சு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் நிக்க வச்சு...”

சட்டென்று மேசை மேல் கிடந்த செல்போனைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெளங்கிருச்சு மேடம்,” என்றார் அல் அமீன். “எங்க வீட்டு நிக்காஹ்வுக்கும் போன்ல தட்டிவிட்டுட்டு உக்காந்தா, அம்புட்டு பிரியாணியும் நாங்களேதான் திங்கணும்!”

வகுப்பே சிரித்தது. தமிழ்ச்செல்வி மார்க்கரை மூடினாள்.

“மீதிய நாளைக்குப் பாப்போம். எனக்கே ஒரு ஹோம்வொர்க் பாக்கி கெடக்கு.”

படியில் இறங்கும்போதே கணவன் அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். “வேட்டி கட்டிக்கிட்டு வண்டியில விளாங்குடி ஸ்டாப்புல வந்து நில்லுங்க.”

“இப்பவா? எதுக்குடி?”

“அழைக்கப் போறோம்.”

தட்டு, வெற்றிலை, பழம், பூ, குங்குமத்தோடு அவர்கள் போய் இறங்கியபோது பேச்சிமுத்து சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்ள,” என்றார் அருள்பாண்டியைப் பார்த்து. தங்கையிடம், “என்ன டீச்சரம்மா, பள்ளிக்கூடம் லீவா?”

“உங்களக் கூப்பிட வந்திருக்கேண்ணே.”

“அதான் போன்ல வந்துச்சே. பிளம்பருக்கும் அதே, எனக்கும் அதே. மேல ‘ஃபார்வர்டட்’னு வேற போட்டிருந்துச்சு. எவனுக்கோ அனுப்புனத எம்பக்கம் தள்ளிவிட்டிருக்க.”

சுருக்கென்றது. ஆனால் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை அவள். தட்டில் வெற்றிலையை அடுக்கினாள்.

“தப்புதாண்ணே. எந்திரிச்சுக் கிழக்காமப் பாத்து நில்லுங்க.”

“மாட்டேன்னா?”

“மாட்டேன்னு சொல்றதயும் எந்திரிச்சு நின்னே சொல்லுங்க.”

அருள்பாண்டி சிரிப்பை அடக்க முடியாமல் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பேச்சிமுத்து வேட்டியை இறுக்கிக்கொண்டே எழுந்தார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி அன்னக்கொடியின் குரல் வந்தது.

“அவரு மட்டும் நின்னா ஆச்சா? நான் இன்னும் ஃபார்வர்டுதானா?”

“உங்களுக்காகத்தான் மதினி இன்னும் தட்டத் தூக்கல. வாங்க.”

அன்னக்கொடி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து கணவர் பக்கத்தில் நின்றாள். தமிழ்ச்செல்வி குங்குமம் கொடுத்துப் பூவை நீட்டினாள். பிறகு அவளும் அருள்பாண்டியும் சேர்ந்து தட்டைத் தூக்கினார்கள்.

“ஞாயித்துக்கெழம உங்க மருமகளுக்குக் காதுகுத்து. ரெண்டு பேரும் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும். எங்கண்ணன் மடி இல்லேன்னா மண்டபத்தப் பூட்டிட்டு வந்துருவேன்.”

பேச்சிமுத்து இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

“நேரம் எப்போ?”

“பத்திரிகைலயே போட்டிருக்கேண்ணே.”

“அந்தக் கருமத்தத்தான் அன்னைக்கே அழிச்சிட்டாரே!” என்றாள் அன்னக்கொடி.

“பத்தரைக்குண்ணே.”

“ஒம்போதுக்கெல்லாம் மேளத்தோட வாரேன். மாமன் வராம எவன் ஊசிய எடுக்குறான்னு பாப்போம். ஆமா, ஒங்கிட்டப் படிக்கிறவுக எல்லாம் வாராகளா?”

தமிழ்ச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அல் அமீனின் போனிலும் அதே பத்திரிகைதான் கிடந்தது, அதே ‘ஃபார்வர்டட்’டோடு.

“வண்டிய எடுங்க,” என்றாள் அருள்பாண்டியிடம். “விளக்குத்தூண் போகணும். வேட்டிய மாத்திராதீங்க.”