டீச்சர் செத்த அன்று பிடித்த மீன்

ஞானபாக்கியம் டீச்சர் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவளும் நான்தான். இன்றுவரைக்கும் இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, டீச்சர் எழுந்து வந்துவிடவா போகிறார்கள்?

ஐம்பத்திரண்டாம் வருஷம், கார்த்திகை மாதம். பதினெட்டு நாளாக நெட்டுக்குப்பத்தில் ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்கவில்லை. அப்படி ஒரு காற்று, அப்படி ஒரு அலை. என் மகள் செல்லிக்கு இரண்டு வயது. முந்தின நாள் காலையில் குடித்த கஞ்சித் தண்ணிக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒன்றும் விழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் என் முந்தானையைச் சப்பிக்கொண்டு கிடந்தாள். அடுத்த வீட்டுக் குழந்தை அந்த வாரம்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்து என் வீடுதான் என்று செல்லி மூக்கில் விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று விடியற்காலையில் காற்று நின்றது. ஆண்கள் எல்லாரும் கடற்கரைக்கு ஓடினார்கள். டீச்சருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நான் வெந்நீர் வைத்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பள்ளிக்கூடம் என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை. அதன் கடைசித் தடுப்பில்தான் டீச்சர் குடியிருந்தார்கள்.

பாயில் மல்லாந்து கிடந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கிறவரைக்கும் எந்த மரமும் கடலில் இறங்கக்கூடாது. டீச்சரோ கிறிஸ்தவர்கள். ராயபுரத்திலிருந்து சாமியார் வரவேண்டும், பெட்டி வரவேண்டும். எடுக்க மறுநாள் ஆகிவிடும். மறுநாள் கடல் எப்படி இருக்குமோ, யார் கண்டது?

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். வெளியே மணலில் மரம் தள்ளுகிற சத்தம் கேட்டது. திறந்த வாயை மூடினேன். கதவை இழுத்துச் சாத்தி, ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்துவிட்டு வந்தேன்.

என் புருஷன் கருணாகரன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான்.

“இன்னாமே, டீச்சரம்மாக்கு எப்டி கீது?”

“தூங்கிகினுகீறாங்க. நீ போய்யா, நேரமாவுது.”

மரங்கள் போய்விட்டன. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. யாருக்கும் தெரியாமல் திரும்பப் போனேன். அதற்குள் எறும்பு வந்துவிட்டது. அட பாவி, அட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு, டீச்சர் கண்ணோரத்திலிருந்து சேலை முனையால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன். கண்ணை மூடிவிட்டேன். “கொஞ்ச நேரம் டீச்சர். மரம் கரைக்கு வந்துடட்டும்” என்றேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கருவாடு காயவைக்க ஆள் வேண்டும் என்று நைனா நிறுத்திவிட்டார். டீச்சர் வீடு தேடி வந்து சண்டை போட்டார்கள். “அந்தக் கருவாட்டை நான் காயவைத்துத் தருகிறேன், பெண்ணை அனுப்பய்யா!” என்றார்கள். மீன் நாற்றம் பட்டாலே மூக்கைப் பொத்துகிற மனுஷி! நைனா சிரித்தார். அனுப்பவில்லை.

டீச்சர் ஆஜர்ப் பட்டியலில் என் பெயரை அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்து வேலிக்கு அந்தப் பக்கம்தான் நாங்கள் கருவாடு காயவைக்கிற மணல். தினமும் ஆஜர் எடுக்கும்போது எனக்குக் கேட்கிற மாதிரி “பூவம்மா!” என்று கத்துவார்கள். நான் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே “உள்ளேன் டீச்சர்!” என்று கத்துவேன். அதற்கப்புறம் பாடம் முழுவதும் வேலியைப் பார்த்துத்தான் நடக்கும். இரண்டு வருஷம் அப்படிக் கத்திக் கத்தி அவர்கள் தொண்டையே கட்டிப்போயிற்று. இன்று நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன் என்றால் அந்தத் தொண்டைதான் காரணம். அந்தத் தொண்டையில் எறும்பு ஊர விட்டவள் நான்.

மதியத்துக்கு மரங்கள் திரும்பின. கவளை மீன், கொள்ளை கொள்ளையாக! கிழவர்கள்கூடக் குதித்தார்கள். என் பங்கில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, உப்பும் மிளகாயும் போட்டு அடுப்பில் ஏற்றினேன். கொதித்தது, இறக்கி வைத்தேன். ஆறட்டும் என்று செல்லியை உட்காரவைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு ஓடி “ஐயோ, டீச்சர் பூட்டாங்களே!” என்று அலறினேன். அழுகை மட்டும் பொய்யில்லை.

குளிப்பாட்ட வந்த அங்கம்மா டீச்சர் கையைத் தூக்கிப் பார்த்தாள். ஊருக்குப் பெரியவரான ரகுபதி நாட்டாரைக் கூப்பிட்டாள்.

“இப்ப போன உசுரு இல்ல நாட்டாரே. வெறச்சிப் போய்க் கீது. ராத்திரியே பூட்டுகீறாங்க.”

எல்லார் முகமும் செத்துப்போயிற்று. சாவு கிடக்கும்போது பிடித்த மீன் கடலுக்கே திரும்பவேண்டும்.

“டீச்சரம்மா வெளியூரு. நம்ம கட்டுப்பாடு அவங்களுக்கு இன்னாத்துக்கு?” என்றார் கடலுக்குப் போய் வந்த லோகநாதன். அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

“யார்ரா வெளியூரு?” என்று பாய்ந்தது யார் தெரியுமா? என் புருஷன். “ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே காலியாச்சு. இந்தம்மா ஓடனாங்களா? நீ கையெழுத்துப் போடறியே, அது யாரு குடுத்தது? என் மீனு கடலுக்குத்தான்.”

அவரும் இரண்டு நாளாகச் சாப்பிடாதவர். கூடையைத் தோளில் தூக்கி வைத்தார். நேரே போய்த் தண்ணீரில் கொட்டிவிட்டு, சாமியாரைக் கூட்டிவர எண்ணூர் ஸ்டேஷனுக்கு ஓடினார். நாட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியாம போனாலும் சாவு சாவுதான். வூட்ல ஆக்கனது கூட வெச்சிக்கக் கூடாது.”

லோகநாதன்கூடத் தன் கூடையைத் தூக்கினார். பெண்கள் அழுதுகொண்டே சட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். தெரியாமல் பிடித்தவர்கள் எல்லாரும் கொட்டினார்கள்.

நான் வீட்டுக்குப் போனேன். செல்லி மூடியைத் தள்ளிவிட்டு, சட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் குழம்பு. சட்டியைத் தூக்கினேன். வீலென்று கத்தினாள். இரண்டு நாளில் அவள் போட்ட முதல் சத்தம் அது. சட்டியைக் கீழே வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு முள் எடுக்க ஆரம்பித்தேன்.

தெருவில் நாட்டார் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“லோகநாதன் வூடு?”

“போட்டாச்சு!”

“அங்கம்மா வூடு?”

“போட்டாச்சு!”

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரியே இருந்தது. என் கை நின்றுவிட்டது.

“கருணாகரன் வூடு?”

டீச்சர், டீச்சர் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர்களுக்கு நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒருநாளும் பொய்யாகக் குரல் கொடுத்ததில்லை.

“போட்டாச்சு நாட்டாரே!” என்று கத்தினேன்.

செல்லி வாயைத் திறந்தாள். முள் இல்லையே என்று பார்த்து இன்னொரு வாய் ஊட்டினேன்.