பின் சீட்டில் பிரேக் கிடையாது

சாப்பாட்டு மேசையில் மனைவி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விளிம்பை நெருங்கியதும் மேசைக்கடியில் 'டப்' என்று ஒரு சத்தம். மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்துவிட்டது.

"நான் நிறுத்திட்டேங்க. நீங்க கால எடுங்க," என்றாள் அவள், தலை நிமிராமல்.

மாஸ்டர் கார் ஓட்டச் சொல்லித் தருபவர். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங் பிடிக்க, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து வந்தால் மிதிப்பதற்காக வைத்தது அது. வயது ஐம்பதை நெருங்க நெருங்க, ஆபத்து வருமோ என்று தோன்றினாலே மிதிக்க ஆரம்பித்தார். பிறகு அந்தக் கால் வீட்டுக்கு வந்தும் வேலையை விடவில்லை. பால் பொங்கினால் மிதித்தது. மகள் போனில் சிரித்தால் மிதித்தது. தூக்கத்திலும் மிதித்து மிதித்து, கட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒருநாள் காலை கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அன்று அவர் ஜன்னல் வழியாகத்தான் வேலைக்குப் போனார்.

தூக்கம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். படுக்கையில் போனை நெஞ்சில் நிறுத்தி, எங்கெங்கோ நடந்த விபத்துகளின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதில் டீ. டீக்குப் பதில் இன்னொரு டீ. நடை என்பது கார் சீட்டிலிருந்து சோபாவரை.

பயிற்றுநர் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டியிருந்தது. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், எந்திரத்தை ஒருமுறை தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். அவரும் ஒருகாலத்தில் மாஸ்டரிடம் ஓட்டக் கற்றவர்தான்.

"மாஸ்டர், இந்த நிலைமையில நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு மாசம் தர்றேன். மாத்திரைய விடாம சாப்பிடுங்க. நடங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, தூங்குங்க, மனசு விட்டுப் பேசுங்க. குறையலன்னா அந்த சீட்ட மறந்துட வேண்டியதுதான்."

அந்த சீட்டை விட்டால் மாஸ்டருக்கு வேறு எங்கும் உட்காரத் தெரியாது. ஆகவே ஆரோக்கியத்தின் மேல் பாய்ந்தார்.

மறுநாள் காலை பூங்காவில் நடந்தார். முன்னால் போன ஒருவரையும் விட்டுவைக்காமல் முந்தினார். திருப்பம் வந்த இடத்திலெல்லாம் காலைத் தரையில் ஊன்றி நின்றார். பெஞ்சில் இருந்த பெரியவர் கேட்டார்.

"யாரத் துரத்துறீங்க தம்பி?"

"யாரையும் இல்லீங்க. வாக்கிங்."

"அப்ப உங்கள யாரு துரத்துறா?"

மூச்சுப் பயிற்சியும் செய்தார். ஆழமாக மூச்சை இழுத்தார். வெளியே விடுமுன் ஒரு மாணவருக்கு வகுப்பு நேரம் சொல்லவேண்டியது நினைவுக்கு வந்தது. போன் செய்து, பேசி முடித்து, மகள் வந்துவிட்டாளா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த மூச்சை விட்டார். கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தாலோ, ஊரிலுள்ள வண்டிகள் அத்தனையும் நெற்றிக்குள் எதிர்த்திசையில் வந்தன.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது.

"எந்திரத்துக்கு வயசாயிடுச்சோ டாக்டர்?"

"எந்திரம் புதுசு மாஸ்டர்."

மருத்துவமனை வாசலில் மனைவி கார் சாவியை அவர் கையிலிருந்து வாங்கினாள். டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"ஏய், என்ன பண்ற? உனக்கு ஓட்டத் தெரியாதே."

"லைசென்ஸே வந்தாச்சு. உங்ககிட்ட கேட்டா, நான் இருக்கேன்ல உனக்கெதுக்குன்னீங்க. உங்களுக்கு எதிர்த்த டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன்."

"அவன்கிட்டயா? அவனுக்கு ரிவர்ஸே வராதே."

"அதனாலதான் பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. பின்னாடி ஏறுங்க."

"முன்னாடி உக்காந்தா என்னவாம்?"

"காலடி பிரேக்க மிதிப்பீங்க, இல்லன்னா ஹேண்ட்பிரேக்க இழுப்பீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

வண்டி கிளம்பியது. முன்னால் லாரி வந்தது, மாஸ்டர் மிதித்தார். அவர் காலுக்கடியில் வெறும் மிதியடிதான். ஆனாலும் வண்டி நின்றது. சிக்னலில் மிதித்தார், அதற்குள் வண்டி நின்றிருந்தது. அதற்கப்புறம் மிதிக்கலாமா என்று யோசிப்பதற்குள்ளேயே எல்லாம் நடந்து முடிந்தது. கால் வேலையில்லாமல் கொஞ்ச நேரம் திகைத்தது. பிறகு அதுவும் அவரும் தூங்கிப்போனார்கள்.

எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ரவுண்டானாவையே சுற்றினாள். முதலில் முறைத்த போக்குவரத்துக் காவலர் போகப்போக வணக்கம் வைத்தார். கடைசியில் டீ வேணுமாம்மா என்று கேட்டாராம். மாஸ்டர் கண்விழித்தபோது பொழுது சாய்ந்து, பெட்ரோல் முள் சிவப்பில் கிடந்தது.

"யாரையாவது இடிச்சியா?"

"இல்ல. நீங்க மிதிக்காமயே நிக்கவேண்டியது நின்னுச்சு, போகவேண்டியது போச்சு."

அவர் காலுக்கடியில் கிடந்த மிதியடியைக் குனிந்து பார்த்தார். அவள் ஓரமாக நிறுத்தினாள்.

"போன வருஷம் ஒரு பொண்ணு சைக்கிள்ல குறுக்க வந்துச்சு," என்றார். "மிதிச்சேன். மயிரிழையில நின்னுச்சு. முந்தியெல்லாம் என் கால் அவ்வளவு லேட்டா போகாது. வயசாயிடுச்சேன்னு பயந்துட்டேன். அன்னிலேர்ந்து கால எடுக்கவே முடியல."

"இத ஒரு வருஷமாவா உள்ள வச்சிருந்தீங்க?" அவள் திரும்பினாள். "பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டினா என்ன ஆகும்?"

பழக்கதோஷத்தில் வகுப்புக் குரலிலேயே சொன்னார்: "சூடாகும். லைனர் தேயும். கடைசியில நெஜமா மிதிக்கிறப்ப பிடிக்காது."

ஊரில் பாதிப்பேருக்கு அவர் சொல்லிக் கொடுத்த வாக்கியம். அவர் காதில் விழுந்தது அன்றுதான்.

அடுத்த மாதம் முழுக்க மாலையில் மனைவியின் வேகத்துக்கு நடந்தார். முந்தவில்லை. மத்தியானம் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார். போன் ராத்திரியில் கூடத்திலேயே தூங்கியது. பயம் வந்தபோது வாயால் சொன்னார், காலால் சொல்லவில்லை.

கெடு முடிந்து டாக்டர் எந்திரத்தைப் பார்த்தார். அழுத்தம் இறங்கியிருந்தது, தட்டவில்லை. பேனாவை எடுத்தவர், கையெழுத்துக்கு முன் ஒரு கணம் தயங்கினார்.

மேசைக்கடியில் 'டப்' என்று ஒரு சத்தம்.

டாக்டர் குனிந்து பார்த்தார். மாஸ்டரின் கால்கள் நாற்காலிக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சும்மா கிடந்தன. மிதித்தது பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியின் கால்.

"கால எடும்மா," என்றார் மாஸ்டர் மெதுவாக. "எல்லாத்தையும் நாமளே நிறுத்த முடியாது. நம்ம வயசுல உடம்பு பெருசா ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் நடக்கணும், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கணும், பயத்த வீட்ல ஒருத்தர்கிட்டயாவது இறக்கி வைக்கணும். அப்புறம், தினம் கொஞ்ச நேரமாவது பிரேக் இல்லாத சீட்டுல உக்காரப் பழகணும்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.