ஒரு காலுக்குக் குழி

கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு முன்னால், சக்கர நாற்காலியில், என்னுடைய வலது காலை என் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை தின்றதுபோக மிச்சம். முழங்காலுக்குக் கீழே வெட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் பிரேக் மிதித்த கால். அது காப்பாற்றிய உயிர்களை ஓரிடத்தில் நிறுத்தினால் ஒரு சின்ன நாடே தேறும். அதை என் மனைவியின் குழியில் அவள் பக்கத்தில் புதைக்க வேண்டும். நான் வந்து சேரும்வரை துணைக்கு இருக்கட்டும். கேட்டது அவ்வளவுதான்.

சாவி மச்சானிடம். அவளுக்கு அண்ணன், சபைக்குச் செயலாளர், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். முழு ஆளுக்குத்தான் இங்கே இடம், துண்டு துக்கடாவுக்கு இல்லை என்றார். அப்போஸ்தலர் பவுலைத் துணைக்கு இழுத்தார்: விதைப்பது ஒன்று, முளைப்பது வேறு, உயிர்த்தெழும் உடம்பு புதுசு, அதற்குப் பழைய கால் எதற்கு? நான் விடுவேனா? எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட பள்ளத்தாக்கில் எலும்புகள் தத்தம் ஜோடியைத் தேடிப்போய்த்தானே ஒட்டிக்கொண்டன? உயிர்த்தெழுந்த இயேசு அதே கையையும் காலையும்தானே காட்டினார்? புது உடம்பென்றால் ஆணித் தழும்பு எங்கிருந்து வந்தது? நாங்கள் போட்ட சத்தத்தில் உள்ளே படுத்திருந்தவர்களில் பாதிப்பேர், கடைசி நாள் எக்காளம் ஊதியாயிற்று என்று எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலியைத் தள்ளி வந்த என் மகள், யாரோ எவரோ போல இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

மச்சானின் குரல் திடீரென்று இறங்கியது.

"என் தங்கச்சி மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப ஆள் மேல ஆள் விட்டேன், மாப்ள. இன்னும் ஒரு டிரிப் இருக்குன்னு சொல்லி அனுப்புனீங்க. அன்னைக்கு வராத காலு இன்னைக்கு எதுக்கு?"

இல்லாத கால் எழுந்து அவரை உதைக்கப் பார்த்தது. கோபம் பாதி அவர் மேல், பாதி என் மேல். பிரித்துப் பார்க்க எனக்கு நிதானமில்லை.

"வேதத்துல இடமில்லேன்னா சொல்லுங்க மச்சான், திரும்பிப் போயிடறேன். உங்க மனசுல இடமில்லேன்னா அதைச் சொல்லுங்க. பாவம், பவுல் மேல பழியப் போடாதீங்க."

மச்சான் சாவியை எடுத்தார். கேட்டைத் திறந்தார். பெட்டியை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, எங்களை வெளியிலேயே விட்டு, உள்பக்கம் பூட்டினார். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் அவள். வலது பக்கம், காய்ந்த மாலைகளைக் கொட்டி எரிக்கிற பள்ளம். விறுவிறுவென்று போனவர், பிரிகிற இடத்தில் நின்றுவிட்டார். பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அத்தனை கனமாக இருக்குமென்று நினைத்திருக்க மாட்டார். பிறகு இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, அங்கேயே நின்றார்.