ஏழாவது குழியின் பூட்டு

"இன்னிக்காவது பதில் சொல்லு. டிசைன் சாஃப்ட்வேர்ல புது வெர்ஷனா, இல்ல இந்தக் கிழத்தோடயே குடித்தனமா?"

தம்பி மவுஸை மேசையில் தட்டினான். அக்கா திரும்பவே இல்லை. இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரின்டர். அவர்கள் அலுவலகம் அவ்வளவுதான். சாலையும் சாக்கடையும் அவள் வடிவமைப்பாள். மெஷின்களை அவன் மேய்ப்பான்.

"கிழம் எனக்கு அடங்கி நடக்குது. உன் புதுசு மாதிரி நொய்நொய்னு கேள்வி கேக்கறதில்ல."

"சரி, மூக்கு விடைக்காதே. உன் நாற்பது வீட்டு சாக்கடை ஃபைலை ஒரு நகல் எடுத்து, சோதனைக்கு வந்த புதுசுல ஓட விட்டேன். வந்து பாரு."

நாற்காலியோடு உருண்டு வந்தாள். திரையில் ஆறு மேன்ஹோல்கள் பச்சை. ஏழாவது சிவப்பு. 'நீரோட்டம் எதிர்த்திசையில்.'

புதுசைத் திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

பழைய வெர்ஷனில் ஒரு மட்டத்தை மாற்றினால் போதும், மொத்தத்தையும் மறுபடி கணக்குப் போட்டு உறைந்துவிடும். அதனால் வேலை முடியும்வரை ஒவ்வொரு மேன்ஹோலின் அடிமட்டத்தையும் பூட்டி வைப்பது அவள் வழக்கம். பூட்டியதைக் கிழம் சோதிக்காது. கடைசியில் எல்லாவற்றையும் திறந்துவிடுவாள்.

தன் மெஷினுக்கு ஓடினாள். ஏழாவது பூட்டியபடியே இருந்தது.

ஏழாவதிலிருந்துதான் குழாய் ஊரின் மெயின் லைனில் சேருகிறது. மெயின் லைன் முதலில் அளந்ததைவிட ஓர் அடி உயரத்தில் இருப்பதாக சர்வேயர் இரண்டு வாரம் முன்பே திருத்தம் அனுப்பியிருந்தார். அதை ஃபைலில் ஏற்றினாள். பூட்டைத் திறக்க மறந்ததால் ஏழாவது பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது. நாற்பது வீட்டுக் கழிவும் ஓர் அடி மேலே ஏறியாக வேண்டும். ஏறாது. வீடுகளுக்கே திரும்பும்.

மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு அந்தக் குழியில் கான்கிரீட்.

"புது வெர்ஷனுக்கு மாத்திடு. எல்லா ஃபைலையும். இப்பவே."

"என்னக்கா, மூணு மாசமா முரண்டு பிடிச்ச ஆளு! மாத்தினா பழைய ஃபைல் திரும்பி வராது. பூட்டு, கீட்டு எல்லாம் காலி."

"தெரியும்டா. மாத்து."

அவன் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே, ஃபைல்களை வரிசைப்படுத்த ஆரம்பித்தான். அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சைட் சூப்பர்வைசருக்கு போன் போட்டாள்.

"சார், ஏழாவது குழியில கான்கிரீட் போடாதீங்க. மட்டம் தப்பு."

பின்னணியில் கலவை லாரி உறுமியது.

"வண்டி வந்து நிக்குது மேடம்! யார் பண்ண வேலை இது? அந்த சர்வேயர்தானே? ரெண்டு தடவை அளந்தப்பவே நினைச்சேன். இங்கதான் முழிச்சிட்டு நிக்கறாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே ஆளைக் கழட்டி விட்டுடறேன்."

தம்பி கையைத் தூக்கி சைகை காட்டினான். எல்லாம் தயார். மவுஸ் மேல் விரல்.

ஒரே வார்த்தை. ஒரே கிளிக். அதற்கப்புறம் தப்பு அவளுடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"டேய், கையை எடு!"

தம்பி துள்ளி விலகினான்.

"உங்களைச் சொல்லல சார். சர்வேயர் அளந்தது சரி. திருத்தமும் ஒழுங்கா அனுப்பினார். நான்தான் பழைய மட்டத்தைப் பூட்டி வச்சுட்டுத் திறக்க மறந்துட்டேன். ஃபைலை அப்படியே அனுப்பறேன், நீங்களே பாருங்க."

எதிர்முனையில் லாரியின் உறுமல் நின்றது.

"போன்ல சொன்னா பத்தாது மேடம். நேர்ல வாங்க. இவர் முன்னாடியே சொல்லுங்க."

"வர்றேன்."

தம்பி வெளிறிப் போயிருந்தான். "அக்கா, இவங்க இனிமே நமக்கு வேலை தருவாங்களா?"

"தர மாட்டாங்க. பழசை அனுப்பிட்டு அப்புறம் மாத்து." வண்டிச் சாவியைத் தேடி மேசையைக் கலைத்தாள். "மாத்தறது நிச்சயம். கேள்வி கேக்கற ஒண்ணு இங்க வேணும்."