தலையில அரை குறைச்சிரு

துல்கர்னைன் சார்ஜாவிலிருந்து திரும்பி வந்ததே பாதி மனசோடுதான். மீதி மனசு அங்கே ஒரு ரேஸ் கார் ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. முதலாளி அரபி நல்ல மனுஷன். எப்போது வந்தாலும் இடம் உண்டு என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த வார்த்தைதான் மிஸ்ரியாவுக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் போக இடம் வைத்திருக்கிற ஆம்பிளை வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றாலும் ஒரு கால் வாசலுக்கு வெளியேதான் இருக்கும் என்பது அவள் கட்சி. நிக்காஹ் ஆன நாள் முதல் புருஷனை லீவில் மட்டுமே பார்த்தவள் வேறெப்படிப் பேசுவாள்?

கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஷெட் போட்டாயிற்று. இனி சொந்தப் பொறுப்பில் ஒரு ரேஸ் என்ஜின் கட்ட வேண்டும். அது சரியாக வந்தால் ஊரோடு இருந்துவிடுவது. சொதப்பினால் பேசாமல் விமானம் ஏறுவது. என்ஜினை வைத்துக் குடும்பத்தைப் பந்தயம் கட்டுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மிஸ்ரியா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி, கட்டுங்க என்று மட்டும் சொன்னாள்.

என்ஜினோடு வந்தவள் கடையத்து அபி. அவள் வீட்டில் பாதிப் பேர் போலீஸில், மீதிப் பேர் வயலில். இவள் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் ஒரு பழைய எஸ்டீம் காரை வாங்கி வைத்துக்கொண்டு ரேஸ் ஓட்டினாள். கோயம்புத்தூரில் பெரிய பெரிய ஒர்க்‌ஷாப் இருக்க, இவனிடம் ஏன் வந்தாள் என்றால், அங்கே அவள் எது கேட்டாலும் அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் என்றுதான் பதில் வந்ததாம். இவன் கேட்டதற்குப் பதில் சொன்னான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் கேட்ட முதல் கேள்வியே கம்ப்ரஷன் எவ்வளவு வைப்பீர்கள் என்பதுதான். சிலிண்டருக்குள் வந்த காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் மேலேறி எத்தனை மடங்கு நசுக்குகிறது என்கிற கணக்கு அது. பத்துப் பங்கை ஒரு பங்காக நசுக்கினால் பத்து, பதினொரு பங்கை நசுக்கினால் பதினொன்று. நசுக்க நசுக்கத் தெம்பு கூடும், கார் பாயும். ஆனால் பெட்ரோலின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால், பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேரும்வரை காத்திராமல் மூலையில் கிடப்பது தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்பார்கள். முழு வேகத்தில் கொஞ்ச நேரம் அப்படி ஓடினால் போதும், பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும்.

சார்ஜாவில் அவன் பன்னிரண்டரை வைத்தெல்லாம் கட்டியிருக்கிறான். அங்கே கிடைக்கிற பெட்ரோல் அதைத் தாங்கும். நம்மூர் பங்க் பெட்ரோல் தாங்காது. பழகின கை பன்னிரண்டு கேட்டது, புத்தி பத்து என்றது. இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணிப் பதினொன்றில் வந்து நின்றான்.

தென்காசியில் லேத் பட்டறை வைத்திருக்கும் இசக்கிமணி அவனோடு ஒன்றாகப் படித்தவன். பிஸ்டன்கள் நான்கையும், அவற்றுக்கு மேலே மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட்டையும் ஒரே சாக்கில் கட்டி அவனிடம் கொடுத்தாயிற்று. பிஸ்டன் தலையில் பதினொன்றுக்கு வேண்டிய அளவு குழி எடுக்க வேண்டும். ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைச் சீர் பண்ண வேண்டும். பிஸ்டன் தலையில் இன்னும் அரை மில்லிமீட்டர் ஆழம் கூட்டினால் கம்ப்ரஷனில் அரை இறங்கும் என்பதையும் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே துல்கர்னைனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வெயிலுக்குப் பத்தரையே போதும் என்று தோன்றியது. உடனே போன் போட்டான்.

"மாப்ள, பதினொண்ணு வேண்டாம்லே. தலையில அரை குறைச்சிரு."

லேத் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே இசக்கிமணி, சரி குறைச்சிருதேன் என்றான். விஷயம் அத்தோடு முடிந்தது.

சாமான்கள் திரும்பி வந்தபோது துல்கர்னைன் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெட்டின் குழியிலும் பிஸ்டன் குழியிலும் ஊசியால் எண்ணெய் விட்டு, எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். சார்ஜாவில் அளக்காமல் பூட்டுகிறவனை அவன் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பான். ஆனால் இங்கே இசக்கிமணி தானே பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கூட்டாளி செய்த வேலையை அவன் முகத்துக்கு நேரே அளந்து பார்த்தால் என்ன நினைப்பான்? உன் கையில் எனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்கிற மாதிரி ஆகிவிடாதா? அவன் போன பிறகாவது அளந்திருக்கலாம். அதற்குள் பூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பூட்டும்போது இசக்கிமணியே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான்.

ஓட்டிப் பார்த்த அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். மலை தெரியவில்லை, ரோடு நனைந்து கிடந்தது, ஐந்தருவிக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே அபி காரைக் கொண்டுபோய், ஆள் குறைந்த ஏற்றத்தில் மிதித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துல்கர்னைன் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தான். ஒரு தட்டல் இல்லை, ஒரு இடறல் இல்லை. எண்ணெயில் வழுக்கினாற்போல் மேலே போயிற்று. ஏற்றம் முடிந்த பிறகுதான் அவன் கண்ணைத் திறந்தான். அபி, அடுத்த நாளே ஆலங்குளத்துக்குக் கிழக்கே தன் மாமாவின் செம்மண் தரிசில் முழு வேகத்தில் ஓட்டிப் பழகப் போவதாகச் சொல்லிவிட்டுக் காரோடு போனாள். அன்றைக்கு மிஸ்ரியா, அவன் கேட்காமலே இரண்டாம் தடவையும் தட்டில் கறி வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் அரைக் கிலோ அல்வாவோடு பட்டறைக்குப் போனான். இசக்கிமணிக்குப் பெருமை தாங்கவில்லை. நீ சொன்னபடி ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் அரை மில்லி சீவினேன், ஹெட்டு மூஞ்சி கண்ணாடி மாதிரி இருந்துதா இல்லையா என்று கேட்டான்.

துல்கர்னைன் வாய்க்குக் கொண்டுபோன அல்வாவைக் கீழே வைத்தான். "எதுல சீவுன?"

"ஹெட்டுலதான். தலையிலன்னு சொன்னேல்லா?"

துல்கர்னைன் சொன்னது பிஸ்டன் தலை. லேத் சத்தத்தில் முன்பாதி காதில் விழாமல் இசக்கிமணி எடுத்துக்கொண்டது சிலிண்டர் தலை. இசக்கிமணியைச் சொல்லிக் குற்றமில்லை. லேத்துக்கு வருகிற அத்தனை பேரும் ஹெட்டைக் கொடுத்துக் குறைக்கத்தான் சொல்வார்கள். பிஸ்டனில் அரை போனால் இடம் கூடிக் கம்ப்ரஷன் இறங்கும். ஹெட்டில் அரை போனால் இடம் சுருங்கிக் கம்ப்ரஷன் ஏறும். பத்தரைக்கு வர வேண்டியது பதினொன்றரையையும் தாண்டி நின்றுகொண்டிருந்தது.

அப்படியானால் நேற்று ஏன் தட்டவில்லை? அது அவனுக்கு உடனே புரிந்தது. சாரல். குளிர்ந்து ஈரமாக இருக்கிற காற்றில் எந்த என்ஜினும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். பாவூர்ச்சத்திரம் தாண்டினால் சாரல் கிடையாது. ஆலங்குளத்தில் அனல் காற்று. அங்கே அபி இந்நேரம் மிதித்துக்கொண்டிருப்பாள்.

போன் அடித்தான். மணி போயிற்று, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். இசக்கிமணி லேத்தை நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் பைக்கை எடுத்தான்.

அந்த வழி முழுக்கத் துல்கர்னைனுக்கு ஒரே நினைப்பு. ஹெல்மெட் போட்டிருப்பாள், காதில் விழாது. சார்ஜாவில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்! தட்டுகிற சத்தம் கேட்டாலும் இன்னும் கொஞ்சம் என்று மிதித்துத்தான் பிஸ்டனைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நம்பி வந்த பெண்ணின் என்ஜினை நொறுக்கிவிட்டோமே. பந்தயத்திலும் தோற்றாயிற்று. சார்ஜாவுக்குப் போன் பண்ண வேண்டியதுதான். மிஸ்ரியாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

பாவூர்ச்சத்திரம் போனதும் வெயில் மண்டையில் இறங்கியது. தரிசில் திரும்பியபோது கார் நின்றுகொண்டிருந்தது, பானட் திறந்திருந்தது. பைக் நிற்கும் முன்பே துல்கர்னைன் குதித்து ஓடினான். கிட்டே போனால் புகை இல்லை, தரையில் எண்ணெய் இல்லை. அபி வேப்பமரத்து நிழலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது கியர்ல மிதிச்சேன் அண்ணாச்சி. தகர டப்பால கல்லப் போட்டுக் குலுக்குத மாதிரி கேட்டுச்சு. கால எடுத்துட்டேன்."

"ஒடனேயா?"

"பின்ன? சத்தம் கேட்டா யாராச்சும் மிதிப்பாங்களா?"

இத்தனை வருஷத்தில் அவனிடம் எந்த ரேஸ்காரனும் இப்படிக் கேட்டதில்லை. அவளுடைய டூல் பெட்டியை வாங்கிப் பிளக்குகளைக் கழற்றினான். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போல் சில புள்ளிகள், அவ்வளவுதான். பெட்டியிலிருந்த சின்னக் கேமராவைப் பிளக் துவாரம் வழியாக இறக்கிப் பார்த்தான். நான்கு பிஸ்டனும் முழுசாக இருந்தன. எழுந்து நின்றவன் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். இசக்கிமணி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்று சொல்லியிருப்பான், யாரும் கேட்கவில்லை.

துல்கர்னைன் அபியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. போனில் சொன்னது, அவன் சீவினது, தான் அளக்காமல் விட்டது என்று எல்லாவற்றையும் சொன்னான். இசக்கிமணி இடைமறித்து, நான்தான் வெளங்காம சீவிட்டேன் என்றான். இல்லை, நான்தான் வெளங்காமச் சொன்னேன் என்று இவன். கல்யாண வீட்டில் பில் கொடுக்கச் சண்டை போடுகிறவர்கள் மாதிரி இருவரும் குற்றத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அபி சிரித்துவிட்டாள்.

"ஒருத்தர் அரைன்னு சொன்னிய, ஒருத்தர் குறைச்சிட்டிய. ரெண்டும் சேந்து அரைகுறையாயிட்டு. அத விடுங்க. இப்பச் சொல்லுங்க, எவ்வளவுதான் வைக்கணும்?"

"பத்து," என்றான் துல்கர்னைன். இந்த முறை பழகின கை ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்டில் போனது போனதுதான். பிஸ்டன் தலையில் குழியை இன்னும் ஆழமாக்கிப் பத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று விளக்கினான். அடுத்த ரேஸுக்கு முடியுமா என்று கேட்டாள். அதற்கு முடியாது, அதற்கடுத்ததற்கு முடியும் என்றான். சரி என்றாள். அதற்கடுத்ததற்கும் இங்கேதான் வருவேன் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துப் போக மாமாவின் டிராக்டரைக் கூப்பிட்டாள்.

திரும்புகிற வழியில் இசக்கிமணி பைக்கை மெதுவாக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"இனிமே நான் செஞ்சத என் கண்ணு முன்னாலயே அளந்து பாரு. நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டேன்."

வீட்டுக்குப் போனபோது மிஸ்ரியா வாசலிலேயே நின்றாள். இசக்கிமணி தரிசிலிருந்தே தன் வீட்டுக்குப் போன் போட, அங்கிருந்து சேதி முந்திவிட்டது. சட்டையெல்லாம் செம்மண்ணாக வந்தவனைப் பார்த்து அவள் முதலில் தண்ணீர்தான் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"என்ஜின் சரியா வந்தாத்தான் இங்கன இருப்பேன்னு சொன்னிய. வரலியாமே."

"வரல," என்றான் துல்கர்னைன். "முழுசாக் கழட்டி மறுபடி பூட்டணும். அத அப்படியே போட்டுட்டு நான் எங்க போக?"

மிஸ்ரியா காலிச் செம்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நல்ல வேளை, கெட்டுப்போச்சு," என்றாள்.